உட்பட்டு

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்திலே தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. நன்னூல் அவருக்கு மனப்பாடம். அத்தகையவர் ஒரு சொல்லினால் இரண்டு லட்ச ரூபாயை இழந்தார் என்றால் அன்பர்கள் வியப்பீர்கள். ‘உட்பட்டு’ என்பதே அச்சொல்.

தெரிந்தவர் ஒருவருக்கு வீட்டு அடமானத்தின் பேரில் மூன்று லட்சம் கொடுத்தார். ‘முந்தைய அடமானத்துக்கு உட்பட்டு’ என்று பத்திரம் சொல்லிற்று. முன்னதோடு நம்முடையதும் சேர்ந்தது என்று அவர் பொருள் கொண்டார். ‘உட்பட’ என்றிருந்தால் அது சரி. ‘வட்டி உட்பட’ என்கிறோமல்லவா? ஈறு திரிந்தது, பொருளும் திரிந்தது.

இலக்கணத்தில் இரண்டும் வினையெச்சங்களே. எச்சம் தனித்து நில்லாது, முற்றைச் சார்ந்தே முடியும். ‘மழை பெய்து’ என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். ‘அருவி பெருகியது’ என்றதும் கருத்து நிறையும். அதனால் எச்சம் இழிந்ததாகாது. குற்றாலத்தில் மழையின்றி அருவி ஏது?

கணிதத்தில் உட்கணம் என்பது மற்றொரு கணத்தினுள் அடங்கியது. அங்கே முன்பின் என்ற பேச்சே இல்லை. ஒரு கணம் தனக்குத் தானே உட்கணமும் ஆகும். பெரியப்பா கொண்ட பொருள் ஏறக்குறைய இதுதான்.

கடனிலோ அது வரிசை. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி, முன்னே பிறந்த உரிமைக்குப் பின்னது வழிவிட வேண்டும். வீடு ஐந்து லட்சத்துக்கு ஏலம் போயிற்று. முதல் அடமானக்காரரின் நான்கு லட்சம் போக, எஞ்சிய ஒரு லட்சமே இவருக்கு. கடன்காரரிடம் வேறு சொத்தில்லை. வங்கிகள் வெளியிடும் பின்வரிசைக் கடன் பத்திரங்களுக்கு வட்டி சற்றுக் கூடுதல். இடருக்கு அதுவே கூலி. பெரியப்பா வாங்கியதோ ஊரார் வாங்கும் வட்டி!

சட்டத்தில் இச்சொல் நாடாளுமன்றத்தையும் விடவில்லை. அதன் சட்டமியற்றும் அதிகாரம் அரசியலமைப்புக்கு உட்பட்டது என்கிறது 245-ஆம் உறுப்பு. இரண்டும் முரண்பட்டால் அரசியலமைப்பே நிற்கும். சார்பு நீதிமன்றத்தின் நிலை வேறு. 235-ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருந்தாலும், அந்நீதிபதி தம் அறிவைக் கொண்டே தீர்ப்பளிக்கிறார். பிழையென்றால் மேல்முறையீடு உண்டு.

இரண்டாம் அடமானக்காரருக்கும் ஒரு வழி உண்டு. ஏலத்துக்கு முன் முதல் கடனைத் தாமே தீர்த்து அந்த இடத்தில் நிற்கலாம். 91, 92-ஆம் பிரிவுகள் அவ்வுரிமையைத் தருகின்றன. பெரியப்பாவிடம் பின்னர் இதைச் சொன்னேன். ‘நான்கு லட்சத்துக்கு நான் எங்கே போவேன்?’ என்றார்.