விழித்திரையை அளத்தல்

கண்டி நகரைச் சூழ்ந்த மலைக் கிராமங்களில் வாழும் கண் மங்கிய முதியவர் ஒருவர், ஒற்றையடிப் பாதையில் இறங்கி, பஸ் ஏறி, நகரத்து வைத்தியசாலையை அடைவது எளிதன்று. துணைக்கு வரும் மகனோ மகளோ ஒரு நாட் கூலியை இழக்க நேரும். ஆதலால், வைத்தியசாலைப் பதிவேட்டைக் கொண்டு ஒரு மாவட்டத்தின் கண்நோயைக் கணக்கிட முயல்வோர், வர முடிந்தவர்களை மாத்திரமே எண்ணியவராவர்.

இக்குறையை நீக்குவதற்கு மக்கள் வாழுமிடத்தையே நாடிச் செல்லல் வேண்டும். கண்டி மாவட்டத்துக் கிராமங்களில் நடைபெற்று, 2009ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான ‘கண்டிக் கண் ஆய்வு’ இத்தகையது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 1,375 பேர் அதிற் பரிசோதிக்கப்பட்டனர். பார்வைக் குறைவுக்குத் தலையாய காரணம் கண்புரையே எனக் கண்டனர். 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதிலும் எடுத்த கணக்கின்படி, நாற்பது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 1.7 பேர் பார்வையற்றோர். அங்கும் கண்புரையே முதற் காரணம்.

கண்புரையாவது கண்ணின் வில்லை வெளிறிப் போதல். அதனை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்திவிடலாமே, விழித்திரையைப் பற்றிய கவலை எதற்கு எனச் சிலர் வினவலாம். வில்லை ஒளியைக் குவிப்பதோடு நின்றுவிடும், காண்பது விழித்திரை. கண்ணின் உட்புறத்தே ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர் தடிப்புடன் படர்ந்திருக்கும் இம்மெல்லிய திரை பழுதுற்றிருப்பின், புரையை எத்துணைத் திறமையாக அகற்றினும் பார்வை முழுமையாகத் திரும்பாது. ஆனால், மார்கழிப் பனி படிந்த சாளரக் கண்ணாடியூடே உள்ளிருப்பவர் வெளியே காணமுடியாதவாறே, வெளியிலிருப்பவரும் உள்ளே காணமுடியாது. 1851ஆம் ஆண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆக்கிய கண்ணுள்நோக்கியும் முற்றிய புரையின் முன் பயனற்றது. ஆகவே வைத்தியர் கைவிளக்கை நான்கு திசைகளிலிருந்தும் காட்டி, ஒளி வரும் பக்கத்தை நோயாளர் சுட்டுகின்றாரா என நோக்குவர். சுட்ட இயலாதவரிடத்தில் விழித்திரையோ பார்வை நரம்போ பழுதுற்றிருக்கும் என்று ஐயுறுவர். மீயொலி அலைகளாலும் உட்புறத்தை ஆராய்தல் உண்டு.

புரை மறைக்காத கண்ணிற்கோ மிக நுட்பமான அளவுகருவி வந்துள்ளது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிவித்த இம்முறையில், விழித்திரையின் ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு அதன் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையப்படுகின்றது. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு வேறுபாடும் புலப்படும். நீரிழிவினால் விழித்திரையின் மையத்தில் நீர் கசிந்தால் அது தடிக்கும்; குளோக்கோமா நோயில் நரம்பு நார்கள் அழிந்து மெலியும்.

எனினும், தடிப்பு வேறு, பார்வை வேறு. அளவில் ஒத்த வீக்கமுடைய இருவருள் ஒருவர் அட்டையின் கீழ்வரி வரை காண்பார். மற்றவர் நடுவரியிலேயே தடுமாறுவார். (எழுத்தறியாதார்க்கும், மூன்று மொழி வழங்கும் ஊருக்கும் ஆங்கில ‘ஈ’ எழுத்தைப் பலவாறு திருப்பி அச்சிட்ட அட்டை மிகப் பொருத்தமானது, கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன எனக் கையாற் காட்டினாற் போதும்.) குளோக்கோமா நோயாளரோ நீண்டகாலம் அட்டையை முற்றும் படித்துவிடுவர். அவர் இழப்பது பெரும்பாலும் ஓரப் பார்வையை. மலைச்சரிவுப் பாதையில் நடப்பவருக்கு அது சிறிய இழப்பன்று. கண்ணழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் இந்நோய் உண்டாதல் கூடும். இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே மருந்தும் சத்திர சிகிச்சையும் உதவும். ஆகையால் அட்டை, அழுத்தம், பார்வைப் புலம், நரம்பின் தோற்றம் என்பவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி நல்ல வைத்தியர் தீர்ப்புக் கூறார்.

நீரிழிவுடையோர் கண்ணில் நோவோ மங்கலோ இல்லாவிடினும் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிப்பித்தல் நன்று. பாவையை விரிக்கும் மருந்துத் துளி இட்டபின் சில மணி நேரம் பார்வை கலங்குமாதலால், மீண்டும் துணையாள் தேவைப்படும். துளியின்றியே படமெடுக்கும் கருவிகளும் உள. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை கிராமங்களிற் சிறு நிலையங்களை அமைத்து, நோயாளரை அங்கேயே வைத்துக்கொண்டு, அவர் கண்ணின் நிலையைத் தொலைவிலுள்ள வைத்தியருக்குத் தெரிவிக்கின்றது.