ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள்

மும்பை செம்பூரில் ஒரு பழைய குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி. வேப்ப மரத்தடியில் ஒரு வெள்ளை பத்மினி கார், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றி நாலு பேர். தரையில் கோணிச் சாக்கு. சாக்கின் மேல் ஸ்பானர்கள், பழைய பனியன் துணி, ஒரு டப்பா கிரீஸ், எட்டு ஓட்டை போட்ட அட்டை ஒன்று.

நாலு பேரில் யாரும் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர் அல்ல. ஒருவர் கப்பல் கம்பெனியில் கிளார்க். கார் அவருடையது. இன்னொருவர் மாதுங்கா ரெயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நெல்லைக்காரர். எல்லோருக்கும் "அண்ணாச்சி". மூன்றாமவர் முலுண்டில் இருந்து முதல் லோக்கல் ரெயிலைப் பிடித்து வந்த பாங்க் ஊழியர், அம்பாசிடர்காரர். நாலாவது ஆள் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். அவனிடம் இருப்பது புதிய கார். வேடிக்கை பார்க்க வந்து, பிறகு விட்டுப் போக முடியாமல் ஒட்டிக்கொண்டவன்.

ஒருவர் காரில் கோளாறு என்றால் மற்ற மூவரும் வந்துவிடுவார்கள். கூலி கிடையாது. இட்லியும் டீயும் கார்க்காரர் செலவு.

புகை சோதனையில் தோல்வி

கிளார்க்கின் கார் மாசு சோதனையில் தேறவில்லை. இந்த வயது பெட்ரோல் காருக்கு, எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். கிளார்க்கின் கார் முதல் கணக்கில் எல்லையைத் தாண்டிவிட்டது.

ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. 15 ஆண்டு தாண்டிய காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ஆயிற்று. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-ல் மேலும் கூட்டினார்கள். போதாததற்குப் பசுமை வரி. இத்தனையும் கட்டி, கார் தேறாமல் போனால்?

பழைய இரும்பு வியாபாரி ஒருவர் ஏற்கனவே இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டார். கிளார்க்கின் தகப்பனார் இதே மும்பையில் பத்மினி டாக்சி ஓட்டியவர். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சிக்கு 20 ஆண்டு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அந்த இனமே டாக்சி ஸ்டாண்டில் இல்லாமல் போயிற்று. வீட்டில் மிச்சம் இருப்பது அவர் சொந்தத்துக்கு வாங்கிய இந்த ஒரு கார்தான். குர்லா தொழிற்சாலையில் பிறந்து, குர்லா பழைய இரும்புக் கடைக்கே போக வேண்டுமா என்பதுதான் அன்றைய கேள்வி.

நாலு சொட்டு ஆயில்

விடை தேடும் வேலை சனிக்கிழமை மாலையே தொடங்கிவிட்டது. இன்ஜினைச் சூடு ஏறும்வரை ஓடவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று அழுத்தம் பார்த்தார் அண்ணாச்சி. மூன்றில் 115-க்கும் 120-க்கும் இடையே காட்டியது. மூன்றாவது சிலிண்டரில் முள் 70-ஐத் தாண்டவில்லை.

அழுத்தம் இரண்டு வழியில் ஒழுகலாம். கீழே பிஸ்டன் ரிங் வழியாக ஒழுகினால் இன்ஜினையே பிரிக்க வேண்டும், பெரிய செலவு. மேலே வால்வு வழியாக ஒழுகினால் ஹெட்டைக் கழற்றினால் போதும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிளக் ஓட்டை வழியாக நாலு சொட்டு ஆயில் விட்டு மறுபடி அழுத்தம் பார்ப்பது. முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்தச் சந்தை அடைத்துவிட்டது. முள் அசையாமல் இருந்தால் வால்வு.

கிளார்க் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். முள் அசையவில்லை.

"தப்பிச்சே தம்பி, வால்வுதான்" என்றார் அண்ணாச்சி. "ராத்திரி பூரா ஆறட்டும். காலையில வர்றேன்."

ஆறவிட்டதற்குக் காரணம் உண்டு. பத்மினியின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடாக இருக்கும்போது போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடும். ஒர்க்ஷாப்களில் அவசரத்தில் கெட்டுப்போன ஹெட்டுகள் கொஞ்சமல்ல.

எட்டு ஓட்டை அட்டை

பாட்டரி ஒயரை எடுத்தார்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினார்கள். கார்புரேட்டர், சைலன்சர் குழாய், ராக்கர் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. கம்ப்யூட்டர் பையன் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் படம் எடுத்தான். அண்ணாச்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருக்கு அட்டைதான். நாலு சிலிண்டருக்கு எட்டு வால்வு, எட்டு ஓட்டை. எந்த வால்வு எங்கிருந்து வந்ததோ அந்த எண்ணுள்ள ஓட்டையில் அது நிற்க வேண்டும். ஒன்றோடு ஒன்று கலந்தால் வேலை இரட்டிப்பாகும்.

ஹெட் வெளியே வந்தது. உள்ளே தோசைக்கல்லின் அடிப்புறம் போலக் கரி.

கரியைச் சுரண்டுவதிலும் பக்குவம் உண்டு. அலுமினியத்தில் இரும்புக் கத்தி பட்டால் கோடு விழும். எனவே மூங்கில் சீவல். பிஸ்டன் தலையைச் சுரண்டும் முன் அதன் ஓரத்தில் வட்டமாகக் கிரீஸ் தடவினார்கள். உதிரும் கரி அதில் ஒட்டிக்கொள்ளும், கீழே ரிங்குக்குப் போகாது. மற்ற ஓட்டைகளில் துணி அடைத்தார்கள். முன்பெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். அது கிடைப்பது அரிதாகிவிட்டதால் இப்போது டீசல். கரியைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி பறக்கவிடுவதில்லை. 2000 பிப்ரவரிக்கு முன்பு ஓடிய கார்களின் கரியில் பெட்ரோலில் கலந்த ஈயமும் படிந்திருக்கும். அது நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வை வெளியே எடுத்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். விளிம்பில் எலி கடித்தது போல ஒரு பல் அளவு பள்ளம்.

எரிந்த வாயு வெளியேறும் வழியில் நிற்கும் வால்வு அது. தன் சூட்டை, மூடியிருக்கும் நேரத்தில், தான் உட்காரும் இருக்கைக்குத்தான் இறக்கிவைக்கும். இடையில் ஒரு துணுக்குக் கரி சிக்கினாலோ, டாப்பெட் இடைவெளி குறைந்துபோனாலோ முழுதாக உட்கார முடியாது. சூடு இறங்க வழியில்லை. விளிம்பு கருகும். பிறகு அந்தச் சந்தில் அழுத்தம் ஒழுகும், பெட்ரோல் சரியாக எரியாது, புகை சோதனைக் கருவி கத்தும்.

"தேய்ச்சா போதுமா அண்ணாச்சி?"

"போதாது. இது செத்துப் போச்சு."

டாக்சியிலிருந்து வந்த வால்வு

2000-ஐ ஒட்டி உற்பத்தி நின்றுபோன காருக்கு ஞாயிற்றுக்கிழமை வால்வு எங்கே கிடைக்கும்? கிளார்க்கின் முகம் வாடியது.

அண்ணாச்சி தன் பையில் இருந்து நியூஸ்பேப்பர் பொட்டலம் ஒன்றை எடுத்தார். டாக்சிகள் எடைக்குப் போன நாட்களில் அவர் இரண்டு ஹெட்டுகளை இரும்பு விலைக்கு வாங்கிப் பிரித்து வைத்திருந்தார். மும்பை டாக்சிகள் கடைசிக் காலத்தில் காஸில் ஓடியவை. காஸ் இன்ஜினில் வால்வு சீக்கிரம் தேயும். ஆகவே ஐந்தாறை ஒதுக்கித் தள்ளி, தண்டு நேராகவும் விளிம்பு தடிப்பாகவும் இருந்த ஒன்றைப் பொறுக்கினார். கைடில் விட்டு ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை.

பிறகு தேய்ப்பு. விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைவது போல உருட்ட வேண்டும். அடிக்கடி தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். முதலில் சொரசொர பேஸ்ட், அப்புறம் நைஸ் பேஸ்ட். விளிம்பில் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரியும்வரை விடக்கூடாது. எட்டு வால்வுக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு. பாங்க் ஊழியரின் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

தேய்க்கும்போது கம்ப்யூட்டர் பையன் தன் காரைப் பற்றிக் கேட்டான். அவனுடையது பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின். அதில் உள்வாங்கும் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. கழுவப்படாமல் கரி தடித்துக்கொண்டே போகும். பெட்ரோலில் ஊற்றும் மருந்தும் அங்கே எட்டாது. அதற்கு அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிறார்கள். "கொட்டைத் தூளா!" என்று அண்ணாச்சி சிரித்தார். ஓடு கரியைவிடக் கெட்டி, உலோகத்தைவிட மெது என்று பையன் விளக்கியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நம்ம மூங்கில் சீவல் கணக்குத்தான்" என்றார்.

வால்வுகளைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு குழியிலும் டீசல் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருந்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. புதுக் கேஸ்கட் வைத்து, நடுவில் இருந்து ஓரமாக போல்ட்டுகளை மூன்று சுற்றாக முடுக்கினார்கள். குடியிருப்புச் செயலாளர் இரண்டு முறை பால்கனியில் வந்து கடிகாரத்தைப் பார்த்தார். 12 மணிக்குள் முடிப்பதாகப் பேச்சு. முடிந்தபோது மணி மூன்றரை. தரையில் சிந்திய ஆயிலுக்கு மேல் மணல் தூவிக் கூட்டியது கிளார்க்கின் மனைவி.

செல்ப் போட்டதும் இரண்டு முறை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. சூடேறியதும் அண்ணாச்சி மூன்றாவது சிலிண்டரில் முள்ளைப் பார்த்தார். 115.

வியாழக்கிழமை கார் புகை சோதனையில் தேறியது. சான்றிதழை கிளார்க் போட்டோ எடுத்து மூவருக்கும் அனுப்பினார். "500 கிலோ மீட்டர் ஓடினதும் ஹெட் போல்ட்டும் டாப்பெட்டும் மறுபடி பார்க்கணும், மறந்துராதே" என்பதுதான் அண்ணாச்சி அனுப்பிய பதில்.

அடுத்த ஞாயிறு முலுண்டில் அம்பாசிடர். வால்வு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை லோக்கல் ரெயிலில் யார் தூக்கி வருவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.