வெள்ளம் வடிந்த பிறகு வரும் நோய்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரத்து ஊர்கள் தீவுகளாயின. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். படகு, ஹெலிகாப்டர், சாப்பாட்டுப் பொட்டலம் என்று தமிழ்நாட்டின் கவனம் முழுவதும் அங்கேதான் இருந்தது.

கேமராக்கள் கிளம்பிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் கவலை. வெள்ளம் எந்த ஊரில் வந்தாலும், வடிந்த பிறகு நோய்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் வருகின்றன. முதல் சில நாட்களில் காயம், பாம்புக்கடி, மின்சார விபத்து. கூடவே வயிற்றுப்போக்கு, வாந்தி. ஒன்றிரண்டு வாரத்தில் எலிக்காய்ச்சல். தேங்கிய நல்ல தண்ணீரில் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதற்குப் பின்னால் டெங்கு. இந்த வரிசை முன்கூட்டியே தெரிந்தது என்பதால் பெரும்பாலும் தடுக்கவும் முடியும். ஆனால் நம் நிவாரண லாரிகளில் பழைய துணியும் பிஸ்கட்டும்தான் நிறைகின்றன.

ஊர்க் கிணற்றை எப்படி மீட்பது?

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்கிறது ‘ஸ்பியர்’ என்ற உலகளாவிய நிவாரணக் கையேடு. குடிக்க, சமைக்க, கைகால் கழுவ, எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு. பாட்டில் தண்ணீரை லாரியில் ஏற்றி ஒரு கிராமத்துக்கு இதைக் கொடுத்து மாளாது. ஊர்க் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் சுத்தமானால்தான் உண்டு.

பிளீச்சிங் பவுடரைக் கிணற்றுக்குள் அப்படியே தூவிவிட்டுப் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதில் பாதிப் பலன்கூட இல்லை. முதலில், வெள்ளநீர் புகுந்த கிணற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துச் சேற்றை அகற்ற வேண்டும். ஊறிப்போன மண்ணில் மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் கிணறு சரிந்துவிடக்கூடும். தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகு அளவு பார்க்க வேண்டும். இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் ஐந்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் இருந்தால் ஏறத்தாழ 15,700 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் சுமார் 40 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு முதல் முறை மருந்திடும்போது இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும், அதைச் சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்வார். பவுடரை ஒரு வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியில் முக்கால் பங்குக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்க வேண்டும். அடியில் நின்ற சுண்ணாம்பு கிணற்றுக்குள் விழக்கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் எடுக்கக்கூடாது. இரவில் மருந்திட்டுக் காலையில் எடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

வீட்டளவில் வேலை எளிது. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிவந்த பிறகும் ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். விறகும் கேஸும் இல்லாத இடத்தில் குளோரின் மாத்திரை. எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது அட்டையில் இருக்கும், போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருந்து வாடை அடிக்கிறது என்று பலர் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுகிறார்கள். லேசான அந்த வாடை இருக்கும்வரைதான் தண்ணீருக்குப் பாதுகாப்பு என்பதை முகாமில் ஒவ்வொரு வீட்டாருக்கும் நின்று விளக்க ஒரு ஆள் வேண்டும்.

பங்காவ் முகாம் கற்றுக்கொடுத்தது

1971. வங்கதேச விடுதலைப் போரில் உயிர்பிழைத்து வந்த லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்க எல்லையில் குவிந்தார்கள். பங்காவ் முகாமில் காலரா. மருத்துவமனைத் தரையில் நோயாளிகள் கிடக்க, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து நீரில் கலந்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் பிடித்துக் குவளையில் புகட்டினார்கள். முப்பது சதவீதம் வரை போயிருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இன்று நாம் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பலனை உலகுக்குக் காட்டிய முகாம் அது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளவு தப்பக்கூடாது. குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் ஜிங்க் மாத்திரையை வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்து, குழந்தை துவண்டு, சிறுநீர் போகாமல் இருந்தால் வீட்டு வைத்தியம் போதாது, உடனே 108 ஆம்புலன்ஸ்.

காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால்

எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் கிருமி வெள்ளநீரிலும் சேற்றிலும் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் போதும், உள்ளே புகுந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. கேரள அரசு டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை வெள்ளத்தில் இறங்கியவர்களுக்குப் பெருமளவில் வழங்கியது. வாரம் ஒரு முறை 200 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான தடுப்பு அளவு. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது. யாராக இருந்தாலும் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

சேறு அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்குத்தான் இந்த ஆபத்து எல்லோரையும்விட அதிகம். வெளி மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் அழைத்து வரப்படும் அவர்களுக்கு முழங்கால் பூட்ஸ், கையுறை, தடுப்பு மாத்திரை, டெட்டனஸ் ஊசி ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுத்தான் மண்வெட்டியைக் கொடுக்க வேண்டும். வெறுங்காலோடு இறக்கிவிடுவது அநியாயம்.

கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. இவை வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையே ‘வெள்ளத் தண்ணியில நடந்தேன்’ என்பதாக இருக்கட்டும். வைரஸ் காய்ச்சல் என்று பாரசிட்டமாலோடு நாள் கடத்தினால் சிறுநீரகமும் கல்லீரலும் பழுதாகும்.

மாத்திரை டப்பாவை வெள்ளத்தில் இழந்தவர்கள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், மனநோய் மருந்துகளை நான்கு நாள் விட்டால் என்ன ஆகும் என்பதை நிவாரணப் பட்டியல் தயாரிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாரம் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குச் சாலை துண்டித்தால் அது உயிர்ப் பிரச்சினை. படகு முதலில் போக வேண்டிய வீடு அது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்ற பதிவு இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே அந்தப் பட்டியல் தன்னார்வலர் கையில் அச்சிட்ட தாளாக இருந்தால், செல்போன் கோபுரம் விழுந்த பிறகும் வேலை நடக்கும்.

வெள்ளநீரில் நனைந்த மாத்திரையை, இன்சுலினை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். கரண்ட் இல்லாதபோது நனையாத இன்சுலினை ஈர மணல் நிரப்பிய பானைக்குள் ஒரு சின்னப் பாத்திரத்தில் வைத்துக் குளுமையாகக் காக்கலாம். வெயிலில் மட்டும் வைக்கக்கூடாது.

என்ன அனுப்பலாம்?

பால் பவுடரும் புட்டியும் வேண்டாம். அசுத்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் புட்டிப்பால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்து சேர்க்கும். பாலூட்டும் தாய்க்கு மறைவான இடமும் வயிறார உணவும் கொடுத்தாலே போதும். புட்டிப்பால் அவசியமான குழந்தைகளை மருத்துவக் குழு பார்த்துக்கொள்ளும்.

சானிட்டரி நாப்கின், புது உள்ளாடை, நைட்டி, பெரியவர்களுக்கான டயபர், சோப்பு, மூடியுள்ள குடம், டார்ச் லைட், கொசுவலை, ஓ.ஆர்.எஸ்., பினாயில், கையுறை. நாப்கினையும் உள்ளாடையையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே முகாமில் பெண்கள் நாட்களைக் கடத்துகிறார்கள். எல்லாவற்றையும் முதல் வாரமே அனுப்பிவிடாதீர்கள். ஒரு வண்டியை மூன்றாவது வாரத்துக்கு வைத்திருங்கள். அப்போது தூக்கம் வராமல் கிடப்பவர்கள், மழை இருட்டினாலே பதறும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வண்டியில் ஒரு மனநல ஆலோசகரும் போகட்டும். போக முடியாத இடங்களுக்கு 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை நோட்டீஸில் பெரிதாக அச்சிட்டு அனுப்புங்கள்.