பீப்பி ஊதிய பூவரசு, ஹவாய்க்குப் போனால் கிண்ணம்!

ஒரகடத்தில் 'லேத்' என்று சொன்னால் இரும்பு கடையும் எந்திரம்தான் எல்லோருக்கும் நினைவு வரும். ஸ்ரீபெரும்புதூர் வரை வரிசையாக நிற்கிற தொழிற்சாலைகள் அப்படி. ஆனால், இரும்பு லேத்துக்கு மூத்தது மரக் கடைசல். கட்டில் கால், பூரிக்கட்டை, மத்து, பம்பரம், சொப்புச் சாமான் எல்லாம் அதில் உருண்டு வந்தவைதான்.

இப்போது பொழுதுபோக்காகச் சின்ன லேத் வாங்கி மரம் கடையப் பழகுகிறவர்கள், எடுத்த எடுப்பில் ஈட்டி, வால்நட், பீச் என்று தேடுகிறார்கள். விலையைக் கேட்டதும் பாதி ஆசை போய்விடும். போதாததற்கு, ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் எல்லாம் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் பெங்களூரு சென்று, மைசூர் சாலையைப் பிடித்தால் சன்னபட்டணா வரும். மர பொம்மைக்குப் பேர் போன ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடைந்த மரத்துக்குக் கன்னடத்தில் 'ஆலெ மர' என்று பெயர். ஆந்திராவில் பொம்மைக்குப் புகழ்பெற்ற ஏட்டிகொப்பாகாவில் அதுவே 'அங்குடு கர்ர'. தமிழில்? நம்ம வெட்பாலை! இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாகுமே, சொரியாசிஸுக்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதே மரம்தான். நம் பக்கத்துப் புதர்க்காடுகளிலும் வளர்வதுதான்.

வெட்பாலைக் கட்டை வெள்ளையாக, நெருக்கமான இழையோடு இருக்கும். உளி வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். சுழலும் கட்டை மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டில் அரக்கு உருகிப் பூசிக்கொள்ளும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பெயின்ட், பிரஷ் எதுவும் வேண்டாம். இந்த அரக்குக்குத் தாவரச் சாயங்களை மீட்டுத் தந்ததற்காகத்தான் ஏட்டிகொப்பாகாவின் சி.வி.ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இலையில் பீப்பி ஊதி நாம் விளையாடிய பூவரசுக்கு ஹவாய் தீவுகளில் 'மிலோ' என்று பெயர். அந்தக் கட்டையில் கடைந்த கிண்ணம் சாப்பாட்டுக்கு வாடை ஏற்றாது என்று அங்கே தனி மதிப்பு. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் அங்கே 'மங்கிபாட்'. சுற்றுலாப் பயணிகள் வாங்கிப்போகும் தட்டும் கிண்ணமும் அதில்தான். இங்கே அது சாய்ந்தால் விறகுக் கடைக்குப் போகிறது. வேம்பு, மா, புளி, வாகை எல்லாமே கடைசலுக்கு வளைந்துகொடுக்கும். புளி மட்டும் உளியின் கூரைச் சீக்கிரம் தின்றுவிடும்.

மரம் கிடைத்ததும் லேத்தில் ஏற்றிவிடக் கூடாது. கட்டையின் இரு முனையிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி, நிழலில் மாதக்கணக்கில் காய வைக்க வேண்டும். பூசாவிட்டால் முனையில் ஈரம் வேகமாகப் போய் கட்டை வெடித்துவிடும். நடுத்தண்டு உள்ள கட்டையை நெடுக்காகப் பிளந்து வைப்பது இன்னும் நல்லது.

தொழிற்சாலைகள் கழிக்கிற பைன் மரப் பெட்டிகளும், சரக்கு அடுக்கும் பேலட்டுகளும் ஒரகடம் பக்கம் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் பூச்சி போக வெப்பத்தில் பதப்படுத்தியது. கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது, வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததையும் ஒதுக்குங்கள். ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்கிய பிறகே லேத்தில் மாட்டுங்கள். எட்டி, அரளி கட்டைகளில் கரண்டியோ குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மையோ கடையவே கூடாது. இரண்டும் விஷ மரங்கள்.