கட்டில் காலை ஒட்ட எந்த வெல்டிங் மெஷின்?

இரும்புக் கட்டில், நாற்காலியின் கால் விட்டுப்போனால் பட்டறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. சிறிய வெல்டிங் மெஷின் இருந்தால், வேலை இல்லாத நாளில் வீட்டிலேயே ஒட்டலாம். வாங்கும்போது உச்ச ஆம்பியரை மட்டும் பார்க்கக் கூடாது. குறைந்த ஆம்பியரில் ஆர்க் அணையாமல் நிற்கிறதா என்பதே முக்கியம்.

இவற்றின் குழாய்கள் பெரும்பாலும் 16, 18 கேஜ், அதாவது 1.2 முதல் 1.6 மி.மீ., தடிமன். கரன்ட் கூடினால் ஓட்டை விழும். 2 மி.மீ., ராடு, 40 - 60 ஆம்பியர் போதும். கேட், ஆங்கிள் போன்ற 3 மி.மீ., இரும்புக்கு 2.5 மி.மீ., ராடு, 60 - 90 ஆம்பியர் தேவை. எனவே, சிங்கிள் பேஸில் இயங்கும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் தாராளம். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷினை விட எடை குறைவு, மின்சாரமும் மிச்சம். கடையிலேயே மெல்லிய குழாய்த் துண்டில் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டு இணைப்பில் 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., எர்த் அவசியம். பம்ப்செட்டுக்கான இலவச மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. வெல்டிங் முகக்கவசம், தோல் கையுறை, பருத்திச் சட்டை வேண்டும். ஜி.ஐ., குழாயின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பின், காற்றோட்டமான இடத்தில் ஒட்டவும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை அருகே தீப்பொறி பறக்கக் கூடாது.

டீசல், பூச்சிமருந்து இருந்த டிரம்மைக் கழுவிய பிறகும் ஒட்டாதீர்கள். உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரைப் பறிக்கும்.