வாழை இலைச் சாப்பாட்டுக்கு எத்தனை புள்ளி?

காலையில் கிள்ளானில் கோமுட்டர் ஏறும் முன் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. நாலு மணி மீட்டிங்கில் இன்னொரு தே தாரிக். உங்கள் வேலை நாளும் இப்படித்தான் ஓடுகிறதா? புள்ளி கணக்குப் பார்த்துச் சாப்பிடும் 'டயட்' உங்களுக்கு மதியத்தோடு நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

புள்ளி முறை என்றால் என்ன?

1963-இல் ஜீன் நைடெட்ச் அமெரிக்காவில் தொடங்கிய 'வெயிட் வாட்ச்சர்ஸ்' நிறுவனம், 1997-இல் இந்த முறையை அங்கே அறிமுகப்படுத்தியது. ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண் உண்டு. இப்போதைய கணக்கில் கலோரி, சேர்க்கப்பட்ட சீனி, நிறைவுற்ற கொழுப்பு ஆகியவை கூடினால் புள்ளி ஏறும். புரதமும் நார்ச்சத்தும் இருந்தால் இறங்கும். ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று வரம்பு வைத்து, சாப்பிட்டதைச் செயலியில் பதிய வேண்டும்.

நம் சாப்பாட்டில் ஏன் இடிக்கிறது?

பாக்கெட் உணவில் லேபிள் இருக்கும். இலையில் ஏது? சோறு கேட்கக் கேட்க வரும். பொரியலில் எவ்வளவு எண்ணெய் என்று பரிமாறுபவருக்கே தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றாலே சுமார் 120 கலோரி.

இது ஏன் முக்கியம்?

2023-இன் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது வீட்டில் பெரியவர்கள் சொல்லும் 'இனிப்பு நீர்'. அவர்களில் ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது. 2019 ஆய்வில் இந்தியர்களிடையே இந்த விகிதம் 31.4 விழுக்காடு, மலாய்க்காரர், சீனர்களைவிட அதிகம்.

பிஸியான நாளில் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் எண்ண நேரமில்லையா? மூன்றை மட்டும் எண்ணுங்கள்.

1. இனிப்பு பானம்: ஒரு கிளாஸில் இரண்டு மேசைக்கரண்டி டின் பால் ஊற்றினால், அதிலேயே 20 கிராமுக்கு மேல் சீனி. இரண்டு கிளாஸ் குடித்தால் 40-ஐத் தாண்டும். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 50 கிராம். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. "அண்ணே, தே ஓ கோசோங்" என்று கேட்டால் சீனியும் இல்லை, பாலும் இல்லை.

2. இரண்டாவது தடவை வாங்கும் சோறு: அதற்குப் பதில் கீரையோ கூட்டோ கேளுங்கள்.

3. எண்ணெயில் பொரித்தது: அப்பளம், பொரித்த மீன், கோழி. ஏதாவது ஒன்று போதும்.

மற்றதற்கு, சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செப்பாரோ' தட்டு முறை கைகொடுக்கும்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். இலையிலும் இதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

ஒரு கவனம்: நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், புள்ளி மிச்சம் பிடிக்கச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சீனி அளவு திடீரென இறங்கலாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். இதுவரை இரத்தத்தில் சீனியைச் சோதிக்காதவர்கள், பக்கத்திலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இந்த மாதமே ஒரு சோதனை செய்துவிடுங்கள்.