உங்களுக்குத் தெரியுமா? வட்டமாகக் கையெழுத்திட்ட மனு

1621 ஜூலையில், ஹேக் நகரிலிருந்த ஆங்கிலேயத் தூதர் டட்லி கார்ல்டனிடம் ஒரு மனு வந்தது. கொடுத்தவர்கள், மத அடக்குமுறைக்குத் தப்பி ஹாலந்தில் தஞ்சம் புகுந்திருந்த வலோன் (இன்றைய தென் பெல்ஜியப் பகுதியினர்), பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் குடும்பத்தினர். முன்னின்றவர் லைடனில் சாயத்தொழில் செய்த ஜெஸ்ஸி டி ஃபாரஸ்ட்.

அமெரிக்காவிலிருந்த ஆங்கிலேயக் குடியேற்றமான வர்ஜீனியாவுக்குக் குடியேறத் தயார். ஆனால் சில விஷயங்கள் முதலில் தெரிந்தாக வேண்டும் என்றார்கள். எங்கள் மதத்தைப் பின்பற்றலாமா? கப்பலும் பீரங்கியும் கிடைக்குமா? தனி ஊர் கட்டி, அதன் நடுவர்களை நாங்களே தேர்ந்தெடுக்கலாமா? வேட்டையாடலாமா, மீன் பிடிக்கலாமா, மரம் வெட்டலாமா? (வேட்டை அன்றைய ஐரோப்பாவில் பிரபுக்களின் உரிமை. கேட்டு வைத்ததில் தப்பில்லை!)

குடும்பத் தலைவர்கள் வட்ட வடிவில் கையெழுத்திட்டு, தம் தொழிலையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் குறித்திருந்தார்கள்.

அந்தக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனி ஆகஸ்ட்டில் பதில் சொன்னது: வரலாம், ஆனால் கப்பல் தர வசதியில்லை, ஒரே ஊராகவும் இருக்க முடியாது, ஆங்கிலேயரின் ஊர்களில் பிரிந்துதான் வாழ வேண்டும். பேச்சு அத்தோடு முறிந்தது.

1624-இல் வலோன் குடும்பங்கள் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் இன்றைய நியூயார்க் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. தென் அமெரிக்காவின் கயானா கரைக்கு இடம் பார்க்கப் போன ஜெஸ்ஸி, அதே ஆண்டு அங்கேயே இறந்தார்.